இருபத்து மூன்று கிலோ

ஜனவரி. வல்பரைசோவில் தார் உருகுகிறது.
பழைய துணிச் சந்தையில்
ஒரு கம்பளிக் கோட்டுக்குள் புகுந்து நிற்கிறேன்.
கண்ணாடி கிடையாது; கடைக்காரிதான் கண்ணாடி.
"தோள் சரி. கைதான் நீளம்.
பனிக்குக் கை நீளமாயிருந்தால் நல்லதுதானே"
என்கிறாள், பனியைக் கண்ணால் காணாதவள்.
முதுகுத்தண்டு வழியே வியர்வை இறங்குகிறது.

பைக்குள் விரலை விட்டேன்.
நாலாய் மடித்த பேருந்துச் சீட்டு.
ஒரே எழுத்தை இரண்டிரண்டாய் அடுக்கும் மொழி.
ஊர்ப்பெயர் மட்டும் பிடிபட்டது: தம்பெரே.
வரைபடத்தில் தேடினேன்.
நான் படிக்கப்போகும் துர்க்குவிலிருந்து
ரயிலில் இரண்டு மணி நேரம்கூட இல்லை.

ஆக, கோட்டுக்கு இது ஊர் திரும்பல்.
எனக்குத்தான் முதல் தடவை.
பேரம் பேச வாய் வரவில்லை.

*

கணக்கில் இவ்வளவு பணம் இருந்தாக வேண்டும்
என்றது விசா விண்ணப்பம், அக்டோபரில்.
ஊர் கூடித் தேர் இழுத்தது:
லிசாந்த்ரோ மாமா படகு விற்ற காசு,
அப்பா டாக்ஸியின் கியர்பாக்ஸுக்கு ஒதுக்கியது,
அக்காவின் கல்யாண மண்டப முன்பணம்,
கீழ்வீட்டு ரொட்டிக்கடைக்காரர்
ஏனென்று கேட்காமல் நீட்டிய உறை.
பதினேழு நாள் நான் பணக்காரி.
நடக்கும்போதே முதுகு நிமிர்ந்திருந்ததாம், தம்பி சொல்கிறான்.
அறிக்கையில் முத்திரை விழுந்த மறுநாள்
பணம் வந்த வழியே அவரவர் வீட்டுக்கு நடந்தது.
உதவித்தொகை மார்ச்சில்தான்.
அதுவரை என்ன சாப்பிடுவாய் என்று
விண்ணப்பம் கேட்கவில்லை.
அம்மா கேட்டாள்.

*

கைபேசியில் மொழி கற்கிறேன்.
"என் முள்ளம்பன்றி வெங்காயம் தின்பதில்லை"
என்று பிழையில்லாமல் சொல்லத் தெரியும் இப்போது.
"எனக்குப் புரியவில்லை"
அடுத்த பாடத்தில் வருகிறதாம்.

வானிலைப் பக்கத்தில் இரண்டு ஊர்கள்
மேலும் கீழுமாய்:
இருபத்தேழு.
மைனஸ் பதினொன்று.
நவுவெல் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு
"முப்பத்தெட்டு டிகிரி தள்ளிப் போகிறாய்" என்றான்.
அதே டேப்பால் என் கட்டிலையும் அளந்தான்.
ஆறு மாதத்துக்குத்தான்டா என்றேன்.
டேப்பைச் சுருட்டக் காணோம்.

*

விடுதி அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல்.
போர்வை தருவீர்களா, அடுப்பு பொதுவா,
சாவிக்கு முன்பணம் எவ்வளவு,
நிலம் ஆடினால் எந்தப் பக்கம் ஓட வேண்டும்?

ஹென்ரீக்கா என்பவர் ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு
விடை எழுதியிருந்தார்.
நான்காவதில்:
"மன்னிக்கவும். கேள்வி விளங்கவில்லை.
தீ என்றால் இடப்பக்கப் படிக்கட்டு."

இரண்டு முறை வாசித்தேன்.
சங்கு ஊதினால் குன்றேற வேண்டும் என்று
நடை பழகும்போதே பழகிய கால்கள் இவை.
துறைமுகப் பொறியியல் படிக்கிறேன்;
அலை எவ்வளவு உயரம் எழும் என்பதே எங்கள் பாதிப் பாடம்.
அங்கே கடல் உறைந்து
மேலே ஆள் நடப்பார்களாம்.
நிலம் நிலமாகவே கிடக்குமாம்.
எப்படித் தூங்குகிறார்கள்?

*

கடைசி இரவு.
படகை விற்ற மாமா தராசை விற்கவில்லை.
கொக்கியில் மீன் செதில் இன்னும் ஒட்டியிருக்கிறது.
அறைக்கதவின் உத்தரத்தில் மாட்டி
அதில் பெட்டியைத் தொங்கவிட்டோம்.
இருபத்து நாலரை.
வறுத்த மாவுப் பொட்டலத்தை நான் எடுக்கிறேன்,
அம்மா வைக்கிறாள்.
நான் எடுக்கிறேன்.
காலுறையைச் சுருட்டி அதன் நடுவில் வைக்கிறாள்,
எனக்குத் தெரியாதாம்.
அலையியல் புத்தகம் வெளியே போனது.
கோட்டை உடுத்தியே விமானம் ஏறுவதென்று முடிவு.

அப்போது
சுவருக்குள் லாரி போவது போல ஒரு முனகல்.
பெட்டி ஆடியது, கூடவே முள்ளும்:
இருபத்து நாலு, இருபத்திரண்டு, இருபத்து நாலு.
நவுவெல் ஒரு கையால் டிவியைப் பிடித்துக்கொண்டான்,
கண் ஆட்டத்தின் மேலேயே.
அப்பா தேநீர்க் கோப்பையைத் தூக்கிப் பிடித்தார்.
யாரும் எழவில்லை.
தெருவில் ஒரு நாய் மட்டும்
தன் கருத்தைச் சொன்னது.

அம்மா பொட்டலத்தோடு நின்றாள்.
முள் நிற்கட்டும் என்று
இருவரும் காத்திருந்தோம்.